வாசகர் கேள்வி – பதில்: ஜப்பான்ல பிசினஸ் விசா ரினியூவல், மூணு வருஷம் இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். ஜப்பான்ல கடை, கம்பெனி வச்சிருக்க நம்ம ஆளுங்க 'கேய்எய் கன்ரி'ங்கற பிசினஸ் மேனேஜர் விசாவ ரினியூ பண்றத பத்தி கேட்டிருக்காங்க. 2025 அக்டோபர் 16ல, கம்பெனி கேப்பிடல் 3 கோடி யென் வேணும்னு ரூல் மாறினதுலருந்து எல்லாருக்கும் வயித்துல புளிய கரைக்குது, புரியுது. அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இந்த தடவ இதையே எடுத்துக்கிட்டேன். நான் க்யோசெய்ஷோஷி, அதாவது விசா பேப்பர் தயார் பண்ண லைசென்ஸ் வாங்குன ஆளு, கிடையாது. டோக்கியோ பக்கம் பல வருஷமா சின்னதா ஒரு கம்பெனி நடத்துறேன், இதே விசாவ நானும் திரும்ப திரும்ப ரினியூ பண்ணிருக்கேன், நண்பர்களுக்கு துணையா ஷினாகவா இமிக்ரேஷன்ல நம்பர் சீட்ட கையில வச்சிக்கிட்டு நாள் பூரா உக்காந்துருக்கேன், அத வச்சுதான் சொல்றேன்.

கேள்வி: அண்ணா வணக்கம். டோக்கியோ எடோகவா பக்கம் அஞ்சு வருஷமா சின்னதா ஒரு சவுத் இந்தியன் ரெஸ்டாரன்ட் வச்சிருக்கேன். கேப்பிடல் 50 லட்சம் யென்தான். சமையலுக்கு ஊர்லருந்து வந்த ரெண்டு பேர் குக் விசாவுல இருக்காங்க, கூட்டம் வந்தா நானும் தோசை ஊத்துவேன். ஷாகாய் ஹோக்கென் (கம்பெனி மூலமா கட்டுற ஹெல்த் இன்சூரன்ஸ், பென்ஷன்) இன்னும் சேரல, வார்டு ஆபீஸ் இன்சூரன்ஸ்தான் கட்டுறேன். போன வருஷ கணக்குல நஷ்டம். விசா நாலு மாசத்துல முடியுது. இப்ப 3 கோடி யென் வேணும்ங்கறாங்க, நான் எங்க போவேன்? கடைய மூடிட்டு ஊருக்கே போயிடலாம்னு வீட்ல சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, கடைய மூடாதீங்க, அது மொதல்ல. உங்க லெட்டர்ல எதுக்கு பயந்து எழுதிருக்கீங்களோ அதுல இப்போதைக்கு ஆபத்து இல்ல. போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க பாருங்க, ஷாகாய் ஹோக்கென் இன்னும் சேரலன்னு, எனக்கு திக்குன்னு ஆனது அங்கதான்.

3 கோடி கணக்க மொதல்ல முடிச்சிடுவோம். ரூல் மாறின தேதிக்கு முன்னாடியே இந்த விசாவுல இருக்கவங்களுக்கு 2028 அக்டோபர் 16 வரைக்கும் டைம் குடுத்துருக்காங்க. அதுக்குள்ள ரினியூவலுக்கு அப்ளை பண்ணா, புது கண்டிஷன் இல்லங்கற ஒரே காரணத்துக்காக தள்ளிட மாட்டாங்க, கடை எப்படி போகுது, புது கண்டிஷன எட்டிப் பிடிக்க வழி தெரியுதான்னு பாத்துதான் முடிவெடுப்பாங்க, தேவைப்பட்டா கணக்கு தெரிஞ்ச நிபுணர்கிட்ட உங்க பிசினஸ பத்தி எழுதி வாங்கிட்டு வாங்கன்னும் கேப்பாங்க. அந்த தேதிக்கு அப்புறமும்கூட பிசினஸ் நல்லா ஓடுது, கம்பெனி டேக்ஸ் ஒழுங்கா கட்டிருக்கீங்க, அடுத்த ரினியூவலுக்குள்ள எட்டிடுவீங்கன்னு தெரிஞ்சா எல்லாத்தையும் சேத்து பாத்து முடிவு பண்ணுவோம்னுதான் சொல்லிருக்காங்க. ஆக இந்த தடவ உங்களுக்கு 3 கோடி கேள்வி இல்ல, அந்த 3 கோடிய நோக்கி நடக்குறீங்களாங்கறதுதான் கேள்வி.

இப்ப இன்சூரன்ஸ். ஜப்பான்ல கம்பெனின்னு பதிவு பண்ணிட்டா, சம்பளம் வாங்குற டைரக்டர் ஒரே ஒரு ஆளா இருந்தாலும் ஹெல்த் இன்சூரன்ஸும் கோசெய் நென்கின்ங்கற பென்ஷனும் கட்டாயம். கட்டாயம்னா கட்டாயம்தான், சின்ன கடைக்கு விலக்குன்னு ஒண்ணு கிடையாது. பென்ஷன் மட்டுமே 18.3 சதவீதம், அதுல பாதி கம்பெனி, பாதி சம்பளத்துலருந்து, சொந்த கடைன்னா ரெண்டு பாதியும் நம்ம பாக்கெட்தான். மாசம் 2.5 லட்சம் யென் சம்பளம் எடுத்தா பென்ஷனுக்கு மட்டும் 47,580 யென் போகும், கஷ்டம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா இப்ப ரினியூவல்ல லேபர் இன்சூரன்ஸ், ஷாகாய் ஹோக்கென், சென்ட்ரல் டேக்ஸ், லோக்கல் டேக்ஸ் எல்லாம் கட்டுன பேப்பர கேட்டு பாக்குறாங்க. முன்னாடி கண்டுக்காம விட்ட ஆபீசர் இருந்துருக்கலாம், இனிமே அத நம்பி போகாதீங்க.

எனக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தர், இதே மாதிரி கடைதான். ரினியூவலுக்கு பேப்பர் எடுக்கலாம்னு ஒரு ராத்திரி கடை அடச்சதுக்கு அப்புறம் போனேன். பில் போடுற மெஷினுக்கு கீழ ஒரு டிராயர், அத இழுத்தா பென்ஷன் ஆபீஸ்லருந்து வந்த கவர், ஒண்ணுகூட பிரிக்கல, எண்ணிப் பாத்தா பதினொண்ணு. ஜப்பானீஸ் படிக்க வராது, அதுக்கு மேல பயம், அதனால ஒவ்வொண்ணா உள்ள தள்ளிருக்காரு. வெங்காயம் வெட்டுற கத்தியாலயே ஒவ்வொண்ணா பிரிச்சோம். முதல் கவர்ல திட்டவே இல்லங்க, உங்க கம்பெனி இன்னும் சேரல போல தெரியுது, கொஞ்சம் வந்து பேசுங்கன்னு மரியாதையா எழுதிருந்தாங்க. கடைசி கவர் வரும்போது அந்த மரியாதை குறைஞ்சி, இந்த தேதிக்குள்ள வரணும்னு ஆயிருந்துச்சு. மறுநாளே அவர கூட்டிட்டு பென்ஷன் ஆபீஸ் போனோம். பழைய பாக்கி பொதுவா ரெண்டு வருஷம் வரைக்கும் பின்னாடி போய் வசூல் பண்ண முடியும், அவருக்கும் கணக்கு போட்டாங்க, தவணையா கட்டுறேன்னு கேட்டாரு, ஒத்துக்கிட்டாங்க. சேந்த பேப்பர், தவணை கட்டுன ரசீது, ஏன் லேட் ஆச்சுன்னு ஒரு பக்கம் மறைக்காம எழுதுன லெட்டர், மூணையும் வச்சு அப்ளை பண்ணாரு, ஒரு வருஷ விசா வந்துச்சு. ஒரு வருஷம்தான், ஆனா வந்துச்சு. நீங்களும் நாளைக்கு காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி பென்ஷன் ஆபீஸ் போயிடுங்க தம்பி, ரினியூவலுக்கு அப்ளை பண்ற அன்னிக்கு நீங்க சேந்த ஆளா இருக்கணும்.

அடுத்து நஷ்டம். நஷ்டம்னாலே விசா போச்சுன்னு நம்ம ஆளுங்க ஒரு முடிவோட இருக்காங்க, அது தப்பு. ஒரு வருஷம் நஷ்டம் வரலாம், அது இமிக்ரேஷனுக்கும் தெரியும். அவங்க பாக்குறது பேலன்ஸ் ஷீட்ட. கம்பெனிக்கு இருக்க சொத்தவிட கடன் பெருசா ஆயிடுச்சா, ஜப்பானீஸ்ல 'சாய்மு சோக்கா'ன்னு சொல்வாங்க, அதுதான் கேள்வி. அது ஆகலன்னா வர்ற வருஷத்துக்கு ஒரு பிசினஸ் பிளான், வரவு செலவு எப்படி வரும்னு ஒரு கணக்கு, இத வச்சா போதும். இந்த வருஷம் புதுசா அப்படி ஆயிருக்கு, அதுக்கு முந்தின வருஷம் இல்லன்னா, ஒரு வருஷத்துக்குள்ள சரியாயிடும்னு சிஏ மாதிரி ஆளு இல்ல சின்ன கம்பெனிகளுக்கான லைசென்ஸ் பெற்ற ஆலோசகர் எழுதிக் குடுக்கணும். ரெண்டு வருஷமும் தொடர்ந்து அப்படி இருந்தாதான் உண்மையான ஆபத்து. அதே மாதிரி ரெண்டு வருஷமும் மொத்த லாபமே வரலன்னாலும் கஷ்டம், அதாவது வித்த காசு பொருள் வாங்குன காசுக்கே பத்தலன்னா. உங்க கணக்குல எது எதுன்னு ஆடிட்டர்கிட்ட இந்த வாரமே கேளுங்க, நஷ்டமான்னு கேக்காதீங்க, சாய்மு சோக்காவான்னு கேளுங்க.

குக் ரெண்டு பேர் இருக்காங்கன்னு எழுதிருக்கீங்க. புது ரூல்ல ஃபுல் டைம் ஸ்டாஃப் ஒருத்தராவது வேணும், ஆனா குக் விசாவுல இருக்கவங்க அந்த எண்ணிக்கையில வரமாட்டாங்க. ஜப்பானியரா இருக்கணும், இல்ல பர்மனென்ட் ரெசிடென்ஸ், ஜப்பானியரோட இல்ல பர்மனென்ட் ரெசிடென்ட்டோட கணவன் மனைவி, லாங் டேர்ம் ரெசிடென்ட், இந்த மாதிரி ஆளா இருக்கணும். இது இல்லாம ஜப்பானீஸ் கண்டிஷன் ஒண்ணு இருக்கு, உங்களுக்கோ ஃபுல் டைம் ஸ்டாஃப் ஒருத்தருக்கோ என்2 அளவு (ஜப்பானீஸ் பரீட்சையில ஒரு லெவல்) ஜப்பானீஸ் தெரியணும், இதுக்கு மட்டும் வேலை விசாவுல இருக்க ஆளும் கணக்குல வருவாரு. பர்மனென்ட் ரெசிடென்ஸ் இருக்க, ஜப்பானீஸ் நல்லா பேசுற ஒரு நம்ம ஊர் ஆளோ நேபாள ஆளோ ஃபுல் டைம்ல கிடைச்சா ரெண்டு கண்டிஷனும் ஒரே சம்பளத்துல முடிஞ்சிடும். இப்பருந்தே தேடுங்க, எல்லா கடையும் அதே ஆளத்தான் தேடப்போகுது.

தோசை ஊத்துற விஷயம். கூட்டம் வந்தா கை குடுக்கறதுல தப்பில்ல, ஆனா இது கடைய நடத்துறதுக்கு குடுத்த விசா, சமைக்கறதுக்கு குடுத்தது இல்ல. நீங்கதான் சரக்கு யார்கிட்ட வாங்கறதுன்னு முடிவு பண்றீங்க, ஆள் எடுக்குறீங்க, பேங்க்ல பேசுறீங்க, விலை வைக்குறீங்கன்னு காட்டணும். நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு விவரமா எழுதி தரணும்னு இப்ப கேக்குறாங்க, அதுல உண்மைய எழுதுங்க, ஆனா தோசைக்கல்லுல ஆரம்பிக்காதீங்க. ஹெல்த் சென்டர் குடுத்த கடை லைசென்ஸ் காப்பியும் எடுத்து வைங்க, தேதி முடிஞ்சிருக்கான்னு பாத்துட்டு.

விசா முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். உங்களுக்கு நாலு மாசம் இருக்கு, இந்த முதல் மாசத்த பென்ஷன் ஆபீசுக்கும் ஆடிட்டருக்கும் குடுங்க.

கேள்வி: சார், பழைய பிசினஸ் பார்ட்னர் ஒருத்தர் மூலமா ஒரு ஏஜென்ட் வந்தாரு. 2.5 கோடி யென் நம்ம அக்கவுண்ட்ல போட்டு, கேப்பிடல் ஏத்தி ரெஜிஸ்டர் பண்ணிட்டு, மறுநாள் எடுத்துக்குவாங்களாம், கமிஷன் மட்டும் குடுத்தா போதுமாம். விசா பேப்பரும் அவரே பாத்துக்குறேன்னாரு. செய்யலாமா?

பதில்: செய்யாதீங்க. இதுக்கு ஜப்பானீஸ்ல பேரே இருக்கு, 'மிசெகானே', காட்றதுக்கு மட்டும் போட்ட காசு. பொய் விவரம் குடுத்து ரெஜிஸ்டர் பண்றது குற்றம், விசா போறதோட நிக்காது. மறுநாள் வெளிய போன 2.5 கோடி உங்க கணக்குல ஏதாவது ஒரு பேர்ல நிக்கத்தான் செய்யும், டைரக்டருக்கு குடுத்த கடன்னோ என்னவோ, அத வருஷா வருஷம் இமிக்ரேஷன்லயும் டேக்ஸ் ஆபீஸ்லயும் நீங்கதான் விளக்கணும், கமிஷன் வாங்குனவரு அப்ப பக்கத்துல இருக்க மாட்டாரு. இன்னொண்ணு, லைசென்ஸ் இல்லாதவங்க காசு வாங்கிட்டு விசா பேப்பர் தயார் பண்ணக்கூடாது, எந்த பேர்ல காசு வாங்குனாலும் சரி, ஆலோசனை கட்டணம்னு சொன்னாலும் சரி. 2026 ஜனவரிலருந்து சட்டத்துல இத இன்னும் தெளிவாவே எழுதிட்டாங்க.

ஆனா உங்க கேள்விக்கு பின்னாடி ஒரு நேர்மையான வழி இருக்கு, அத யாரும் உங்களுக்கு சொல்லல போல, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

3 கோடிய பேங்க்ல போட்டு பூட்டி வைக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. கேப்பிடல்ங்கறது கம்பெனிக்குள்ள உண்மையா வந்த காசு, வந்ததுக்கு அப்புறம் வாடகைக்கு, மெஷினுக்கு, சம்பளத்துக்கு செலவு பண்ணலாம், அதுக்குத்தான அது. ரெண்டாவது, உங்க பேலன்ஸ் ஷீட்ல கடன் பக்கம் பாருங்க, 'யாகுயின் கரிஇரெகின்'னு ஒரு வரி இருக்கும், டைரக்டர்கிட்ட கம்பெனி வாங்குன கடன். சின்ன கம்பெனி வச்சிருக்க நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அந்த வரி பெருசா இருக்கும், ஏன்னா வாடகை கட்ட காசு பத்தாதப்பல்லாம் சொந்த சேமிப்பு, ஊர்ல நகைய வித்த காசு எல்லாத்தையும் உள்ள போட்டிருப்போம். அது நம்ம காசுதான், ஆனா பேப்பர்ல கடனா நிக்குது. அந்த கடன கேப்பிடலா மாத்தலாம். உதாரணத்துக்கு 50 லட்சம் கேப்பிடல், 1 கோடி 20 லட்சம் டைரக்டர் கடன்னா, மாத்துனா கேப்பிடல் 1 கோடி 70 லட்சம். ஒரு யென் புதுசா கொண்டு வரல, ஆனா பாதி தூரம் தாண்டியாச்சு, கூடவே கடன் குறையறதால சாய்மு சோக்கா பிரச்சினையும் சேந்து சரியாகலாம். லாபம் சேத்து வச்சிருந்தா அதையும் கேப்பிடலுக்கு மாத்த முடியும். மிச்சத்த 2028க்குள்ள வருஷத்துக்கு கொஞ்சமா உண்மையான காசு போட்டு ஏத்துங்க, அந்த காசு எங்கருந்து வந்துச்சுங்கறதுக்கு பேங்க் பேப்பர பத்திரமா வைங்க.

இதுல செலவு உண்டு, தெரிஞ்சிக்கோங்க. கேப்பிடல் ஏத்துன ரெண்டு வாரத்துக்குள்ள லீகல் அஃபேர்ஸ் பீரோவுல ரெஜிஸ்டர் பண்ணணும், ஏத்துன தொகையில 0.7 சதவீதம் டேக்ஸ், 2.5 கோடி ஏத்துனா 1,75,000 யென். அதுக்கு மேல, கேப்பிடல் 1 கோடிய தாண்டிட்டா நஷ்டத்துலயும் கட்டவேண்டிய லோக்கல் டேக்ஸ் டோக்கியோவுல வருஷத்துக்கு 70,000லருந்து 1,80,000 யென்னுக்கு ஏறிடும். நஷ்டத்துல ஓடுற கம்பெனியில கடன கேப்பிடலா மாத்தும்போது டேக்ஸ்ல ஒரு சிக்கல் வரலாம், கடன் தள்ளுபடி ஆன மாதிரி கணக்கு போட்டுடுவாங்க. அதனால ஆடிட்டர் இல்லாம இத தொடவே தொடாதீங்க. அந்த ஏஜென்ட்டுக்கு குடுக்கற கமிஷன ஆடிட்டருக்கு குடுத்தா போதும், நிம்மதியா தூங்கலாம்.

கேள்வி: நாகோயாவுல பழைய கார் எக்ஸ்போர்ட் பண்றேன். கஸ்டமர் எல்லாம் ஆப்பிரிக்காவுலயும் துபாய்லயும். வருஷத்துல ஏழு மாசம் வெளியதான் இருப்பேன், ஏலத்துல வண்டி எடுக்கறது, ஷிப்பிங் எல்லாம் இங்க ஒரு கம்பெனிக்கிட்ட காண்ட்ராக்ட்ல விட்டிருக்கேன். டேக்ஸ் எல்லாம் கரெக்ட். ரினியூவல்ல பிரச்சினை வருமா?

பதில்: வரும்ங்க. டேக்ஸ் கரெக்டா இருக்கறது பெரிய பலம்தான், ஆனா புது ரூல் உங்கள மாதிரி நிலமைய நேரா தொடுது. சரியான காரணம் இல்லாம ரொம்ப நாள் ஜப்பானுக்கு வெளிய இருந்தா இங்க பிசினஸ் நடத்துற நிஜம் இல்லன்னு எடுத்துக்கிட்டு ரினியூவல் குடுக்க மாட்டோம்னு சொல்லியாச்சு, வேலைய மொத்தமா காண்ட்ராக்ட்ல விட்டுட்டு ஓனர் ஒண்ணும் பண்ணலன்னாலும் அதே கதிதான். உங்களுக்கு ரெண்டுமே இருக்கு.

கஸ்டமர பாக்க போறது சரியான காரணம்தான், ஆனா அத நீங்கதான் காட்டணும். பாஸ்போர்ட்ல இருக்க ஒவ்வொரு ட்ரிப்புக்கும் எதுக்கு போனீங்க, யார பாத்தீங்க, அதுல எத்தன வண்டி வித்துச்சுன்னு ஒரு டேபிள் போடுங்க, இன்வாய்ஸ், மெயில் எல்லாம் அந்தந்த தேதிக்கு நேரா வைங்க. ஊர்ல அம்மாவுக்கு ஆபரேஷன்னு ரெண்டு மாசம் இருந்தீங்கன்னா ஆஸ்பத்திரி பேப்பர வைங்க, மறைக்காதீங்க. அதோட இப்பருந்தே இங்க இருக்க நாள கூட்டுங்க. ஏலத்துல எந்த வண்டி எடுக்கணும், என்ன விலை வரைக்கும் போகணும்ங்கற முடிவ நீங்க எடுக்கற மாதிரி வேலைய மாத்துங்க, காண்ட்ராக்ட் கம்பெனிக்கு ஷிப்பிங்க மட்டும் விடுங்க. போலீஸ்ல வாங்குன பழைய பொருள் வியாபார லைசென்ஸ் கம்பெனி பேர்ல இருக்கா, உங்க பேர்ல மட்டும் இருக்கான்னும் பாத்துக்கோங்க, கம்பெனி வியாபாரம்னா கம்பெனி பேர்ல இருக்கணும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் விசா ரினியூவலுக்கு அப்ளை பண்ணி ரெண்டரை மாசம் ஆச்சு, முடிவு சொல்லி இமிக்ரேஷன்லருந்து வர்ற போஸ்ட் கார்டு வரல. ஸைர்யூ கார்டுல (ரெசிடென்ஸ் கார்டு) இருக்க தேதி போன வாரம் முடிஞ்சிடுச்சு. எனக்கும் பையனுக்கும் ஃபேமிலி விசா. நாங்க இப்ப சட்டவிரோதமா இருக்கோமா? ராத்திரி தூக்கமே வரல.

பதில்: இல்லம்மா, நிம்மதியா தூங்குங்க. தேதி முடியறதுக்கு முன்னாடி அப்ளை பண்ணிருந்தா, முடிவு வர்ற வரைக்கும் இல்லன்னா முடிஞ்ச தேதிலருந்து ரெண்டு மாசம் வரைக்கும், இதுல எது முந்துதோ அதுவரைக்கும் பழைய விசாவுலயே சட்டப்படி இருக்கலாம். உங்க ஸைர்யூ கார்ட திருப்பி பாருங்க, பின்பக்கம் கீழ அப்ளிகேஷன் நடக்குதுன்னு ஒரு சீல் குத்திருப்பாங்க, அதுதான் உங்களுக்கு ஆதாரம். ஆன்லைன்ல பண்ணிருந்தா சீல் இருக்காது, வந்த மெயில பிரின்ட் எடுத்து கார்டோட வைங்க.

ஆனா ஒண்ணு செக் பண்ணுங்க. அவர் அப்ளிகேஷன் தனி, உங்களுது தனி, பையனுது தனி. அவருக்கு மட்டும் போட்டுட்டு வீட்ல இருக்கவங்களுது தானா வந்துடும்னு விட்டவங்கள பாத்துருக்கேன். மூணு பேர் கார்டும் எடுத்து டேபிள்ல வரிசையா வச்சு, பின்பக்கம் மூணுலயும் சீல் இருக்கான்னு பாருங்க. ஒண்ணுல இல்லன்னா, மெயிலும் இல்லன்னா, நாளைக்கு காலையில முதல் வேலை இமிக்ரேஷன். ரெண்டு மாசம் முடிய இன்னும் ரெண்டு வாரம் இருக்கறப்பவும் போஸ்ட் கார்டு வரலன்னா நேர்ல போய் கேளுங்க, அந்த கடைசி நாள தாண்டவே கூடாது.

கடையில கூடமாட உதவுறேன்னு லெட்டர் முடிவுல எழுதிருக்கீங்க. ஃபேமிலி விசாவுல வேலை பாக்க தனியா பர்மிஷன் வாங்கணும், வாரத்துக்கு 28 மணி நேரம்தான். சொந்த கடைதானன்னு நினைக்காதீங்க, கல்லாவுல உக்காந்து சம்பளம் வாங்குனா அதுவும் வேலைதான்.

கேள்வி: சைட்டாமாவுல வீட்லருந்தே ஐடி கன்சல்டிங் கம்பெனி நடத்துறேன், நான் ஒருத்தன்தான். டேக்ஸ் மிச்சம் பண்ண என் சம்பளத்த மாசம் 1 லட்சம் யென்னா வச்சிருக்கேன். இதுல ஏதாவது மாத்தணுமா?

பதில்: ரெண்டையும் மாத்தணும். வீட்டையே ஆபீசா காட்றது இனிமே பொதுவா ஒத்துக்க மாட்டாங்க, சின்னதா இருந்தாலும் கம்பெனி பேர்ல அக்ரிமென்ட் போட்ட தனி ரூம், போர்டு, போஸ்ட் பாக்ஸ் வேணும். அட்ரஸ் மாத்துனா இமிக்ரேஷனுக்கு 14 நாளுக்குள்ள தெரியப்படுத்தணும், மறந்துடாதீங்க.

சம்பள விஷயத்துல நானே அடி வாங்குனவன். கம்பெனி ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர் ஆலோசனை சொன்னாரு, சம்பளத்த 80,000 யென் வைங்க, ஜூமின்ஜேங்கற லோக்கல் டேக்ஸும் இன்சூரன்சும் குறையும்னு. வச்சேன். ரினியூவல்ல ஒரு லெட்டர் வந்துச்சு, இந்த சம்பளத்துல வாடகை என்ன, சாப்பாடு என்ன, குடும்பம் எப்படி வாழுதுன்னு விளக்கம் கேட்டு. என் வாடகையே 78,000 யென். மீதி 2,000 யென்னுல மூணு பேர் ஒரு மாசம் வாழ்ந்தோம்னு எப்படிங்க எழுதறது? சேமிப்புலருந்து எடுத்தத பாஸ்புக் காப்பியோட காட்டி, ரெண்டு மாசம் அலைஞ்சு, ஒரு வருஷ விசா வாங்குனேன். அந்த ரெண்டு மாசம் என் மனைவி பட்ட பாடு இன்னும் எனக்கு மறக்கல.

டைரக்டர் சம்பளத்த நெனச்சப்ப மாத்த முடியாது. கம்பெனி கணக்கு வருஷம் ஆரம்பிச்சு மூணு மாசத்துக்குள்ள முடிவு பண்ணி, அப்புறம் அந்த வருஷம் பூரா ஒரே தொகை எடுத்தாதான் அத செலவா ஒத்துக்குவாங்க. இமிக்ரேஷன்ல கேக்கற ஜூமின்ஜே சர்ட்டிபிகேட்டு முந்தின வருஷ வருமானத்த காட்டும். அதனால இப்ப சம்பளம் ஏத்துனா அது பேப்பர்ல தெரிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அடுத்த ரினியூவல் எப்பன்னு பாத்து பின்னோக்கி கணக்கு போட்டு, வர்ற கணக்கு வருஷத்துலயே ஏத்திடுங்க.

கேள்வி: பத்து வருஷம் முடிஞ்சிடுச்சு, மூணு வருஷ விசா இருக்கு, கேப்பிடல் 50 லட்சம்தான். 2028 வரைக்கும் டைம் இருக்கே, அதுக்குள்ள பர்மனென்ட் ரெசிடென்ஸ் அப்ளை பண்ணிட்டா இந்த 3 கோடி தொல்லையே இல்லல்ல?

பதில்: இந்த கேள்விய நிறைய பேர் கேட்டிருக்கீங்க, எனக்கே எழுத கஷ்டமா இருக்கு. அந்த மூணு வருஷ சலுகை ரினியூவலுக்கு மட்டும்தான். இந்த விசாவுலருந்து பர்மனென்ட் ரெசிடென்சுக்கு போகணும்னா புது கண்டிஷன் நிறைவேறி இருக்கணும்னு சொல்லிட்டாங்க. 2024 கடைசியில இந்த விசாவுல சுமார் 41,000 பேர் இருந்தாங்க, அதுல 3 கோடி கேப்பிடல் இருந்தது 4 சதவீதம் மாதிரிதான். பேப்பர் கம்பெனி வச்சு விசா வாங்குனவங்கள பிடிக்க போட்ட ரூல்ல, பத்து வருஷம் ஒரு நாள்கூட டேக்ஸ் தப்பாம கட்டுனவங்களும் மாட்டிக்கிட்டாங்க, இது நியாயம் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன், அத சொல்லாம இருக்க முடியல.

ஆனா நீங்க கணக்கு போடவேண்டியது இன்னிக்கு இருக்க ரூல வச்சுதான். மேல ரெண்டாவது பதில்ல சொன்ன டைரக்டர் கடன் விஷயத்த உங்க பேலன்ஸ் ஷீட்ல பாருங்க, பத்து வருஷ கம்பெனின்னா அந்த வரியும், சேத்து வச்ச லாபமும் சேந்து நீங்க நினைக்கறதவிட பெருசா இருக்கும். ஃபுல் டைம் ஸ்டாஃப் ஒருத்தர எடுங்க. உங்களுக்கு என்2 இருந்தா சரி, இல்லன்னா டிசம்பர் பரீட்சைக்கு இப்பவே பேர் குடுங்க, பத்து வருஷம் இங்க இருந்தவருக்கு பேச்சு வரும், கான்ஜி எழுத்துதான் கொஞ்சம் படுத்தும். அது வரைக்கும் ரினியூவல் வந்துச்சுன்னா முன்னாடி மாதிரியே போங்க. ஷினாகவா ஸ்டேஷன் கோனான் பக்கம் பஸ் பிடிச்சு, கவுன்டர்ல நீங்களே அட்ரஸ் எழுதிக் குடுத்த போஸ்ட் கார்டு திரும்பி வந்ததும் ரெவென்யூ ஸ்டாம்ப் வாங்கிட்டு போங்க, 2025 ஏப்ரல்ல 4,000லருந்து 6,000 யென்னா ஏத்துனாங்க, ஆன்லைன்னா 5,500, இப்ப எவ்வளவுன்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. பழைய ஸைர்யூ கார்டுல ஓட்ட போட்டு திருப்பி தருவாங்க, அத தூக்கி போடாதீங்க, பர்மனென்ட் ரெசிடென்ஸ் அப்ளிகேஷன்ல தேதியெல்லாம் எழுதும்போது அதப் பாத்துதான் எழுத வேண்டியிருக்கும்.